பிரவுசர் திறக்கவே நேரமாகிறதா? மலைநாட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கும், அதையும் எடுங்கள். நமக்கு மூன்று எண்கள் வேண்டும்.

முதல் எண்: கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. விண்டோஸ் 10, 11 இரண்டும் ஷட்டவுன் செய்யும்போது பாதி விஷயத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதிலிருந்தே எழும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். திரை வந்த பிறகு மூன்று நிமிடம் பொறுங்கள். அப்புறம் பிரவுசர் ஐகானைத் தட்டுகிற நொடியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, முகவரிப் பெட்டியில் நீங்கள் அடிக்கும் எழுத்து விழுகிற நொடியில் நிறுத்துங்கள். பக்கம் முழுதாக வந்ததா என்று பார்க்காதீர்கள். எழுத்து விழுந்தால் போதும்.

இரண்டாவது எண்: பிரவுசரை மூடி, உடனே மறுபடி திறந்து அதே மாதிரி அளவெடுங்கள். மூடினால் மூடியதுதானா என்று டாஸ்க் மெனேஜரில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது வரும். குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால் அதன் மேல் வைத்து எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டுத் திறங்கள்.

மூன்றாவது எண்: வைஃபையை நிறுத்திவிட்டு, அல்லது டொங்களை (யுஎஸ்பியில் செருகும் இன்டர்நெட் கருவி) கழற்றிவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து அதே மாதிரி அளவெடுங்கள்.

நான் இலங்கையின் ஹட்டன் டவுனில் கணினி பழுது பார்க்கிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், தலவாக்கலை என்று பல பக்கத்திலிருந்தும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்திருப்பார்கள். "தம்பி, எங்க தோட்டத்துல சிக்னல் இல்ல, அதான் இன்டர்நெட் திறக்க இவ்வளவு நேரம் ஆகுது" என்பதுதான் பெரும்பாலும் முதல் வார்த்தை. சிக்னல் சரியில்லாத இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பிரவுசர் ஜன்னல் திறப்பது வேறு, அதற்குள் பக்கம் வருவது வேறு. ஜன்னல் திறக்க இன்டர்நெட்டே தேவையில்லை. மூன்றாவது எண் அதைத்தான் காட்டும். டொங்களைக் கழற்றிய பிறகும் ஜன்னல் அதே அளவு தாமதமாகத் திறந்தால், டவரைக் குறை சொல்ல முடியாது. கோளாறு உங்கள் மேசை மேலேயே இருக்கிறது.

நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள்

என்னிடம் வருகிற கணினிகளில் முக்கால்வாசி, யாரோ ஒருவர் குரோமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் வருகின்றன. அதில் பெரும்பாலும் எதுவும் சரியாவதில்லை. காரணம் எளிது. பிரவுசர் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று, நிரல். இன்னொன்று, புரொபைல் என்கிற ஃபோல்டர்: உங்கள் புக்மார்க், பாஸ்வேர்ட், ஹிஸ்டரி, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு துணை நிரல்) எல்லாம் அதில்தான். நிரலை நீக்கினாலும் புரொபைல் அப்படியே கிடக்கும். கோளாறு பெரும்பாலும் புரொபைலில்தான் என்பதால், புதிதாகப் போட்ட குரோம் அதே பழைய ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, அதே மாதிரி மெதுவாகவே திறக்கும்.

நீக்கும்போது "பிரவுசிங் டேட்டாவையும் அழி" என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டால் புரொபைலும் போய்விடும். அது இன்னும் மோசம். தொழிலுக்கு வந்த புதிதில் உயர்தர வகுப்பு (ஏ/எல்) படிக்கும் ஒரு மாணவியின் லெப்டொப்பில் நான் அதைச் செய்தேன். பிரவுசர் சட்டென்று திறந்தது. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் அதில் மட்டும்தான் சேமிப்பாக இருந்தது. அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த போன் நம்பரும் பாவனையில் இல்லை. அதை மீட்டெடுக்க அந்தப் பிள்ளையும் அப்பாவும் வேலையைப் போட்டுவிட்டு மூன்று முறை டவுனுக்கு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாருடைய கணினியிலும் புரொபைலைப் பிரதி எடுக்காமல் நான் கை வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

பிரதி எடுப்பது இப்படி. குரோமில் புக்மார்க் மெனேஜருக்குப் போய், அதிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி எக்ஸ்போர்ட் கொடுங்கள். பாஸ்வேர்ட் மெனேஜரின் செட்டிங்ஸிலும் எக்ஸ்போர்ட் உண்டு. பாஸ்வேர்ட் கோப்பு மட்டும் பூட்டில்லாத கோப்பு, யார் திறந்தாலும் வாசிக்கலாம். பென்டிரைவில் போட்டுப் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். கடைக்குக் கொண்டு போவதாக இருந்தால் இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன

என் கைக்கணக்கில், எஸ்எஸ்டி (சுற்றாமல், சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) உள்ள கணினியில் முதல் எண் 5 நொடிக்குள் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் முதல் எண் 20 நொடி வரை போகலாம், இரண்டாவது 5, 6 நொடிக்குள் வந்துவிட வேண்டும்.

முதல் எண் மட்டும் பெரிது, இரண்டாவது சிறிது என்றால் டிஸ்க்கையும், கணினியோடு சேர்ந்து எழும்புகிற நிரல்களையும் பாருங்கள். இரண்டுமே பெரிது என்றால் புரொபைல், ஆன்டிவைரஸ், அல்லது கணினிக்கு வருகிற கரண்ட். இன்டர்நெட் இருக்கும்போது பெரிதாகவும் துண்டித்தால் சிறிதாகவும் இருந்தால் ப்ராக்ஸி (இணைப்பு இடையில் கடந்து போகும் கணினி), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் சேவை), அல்லது தொடக்கப் பக்கம். உங்கள் தாளில் இருப்பது எந்த வகை என்று பார்த்து, கீழே அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

முதல் எண் மட்டும் பெரிது

நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் பழைய லெப்டொப்களில் அதிகம். கணக்குப் போட்டால் நொடிக்கு 90 சுற்று. ஒரு கோப்புத் துண்டு வேண்டுமென்றால், டிஸ்க் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஏறத்தாழ 5.6 மில்லி நொடி. டிஸ்க்கை வாசிக்கும் ஊசி இடம் மாறுகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு துண்டுக்கு 15 மில்லி நொடிக்கு மேல் போகும். பிரவுசர் திறக்கும்போது ஒரே பெரிய கோப்பை வாசிப்பதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகளை வாசிக்கிறது. ஆயிரம் துண்டு என்றாலே 15 நொடி ஓடிவிடும். அதே நேரத்தில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் அதே ஊசியை இழுத்தால் என்ன ஆகும்? எஸ்எஸ்டியில் சுற்றும் இல்லை, ஊசியும் இல்லை. இரண்டாவது முறை சட்டென்று திறப்பதற்கும் இதுதான் விளக்கம்: வாசித்த துண்டுகள் ரேமிலேயே (கணினியின் தற்காலிக நினைவகம்) இருக்கும், டிஸ்க்குக்குப் போகத் தேவையில்லை.

டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பகுதியைத் திறந்து, டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டே பிரவுசரைத் திறங்கள். 100 சதவீதத்தில் போய் நின்றால் தாமதம் அங்கேதான். அடுத்து, ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கணினியோடு எழும்புகிறவற்றைப் பாருங்கள். பழைய டொங்கள்கள் தங்களுடைய இணைப்பு நிரலைத் தாங்களே கணினியில் போட்டுவிடும். டொங்களைத் தூக்கிப் போட்டு மூன்று வருடமானாலும் அந்த நிரல் தினமும் காலையில் எழும்பிக்கொண்டிருக்கும். சில லெப்டொப்பில் இப்படி மூன்று டொங்களின் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸையும், ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டதையும் விட்டுவிடுங்கள்.

டிஸ்க்கிலேயே பழுதா என்று பார்க்க, சி டிரைவின் மேல் வலது கிளிக், ப்ரொபர்ட்டீஸ், டூல்ஸ், செக். மின்வெட்டில் திடீர் திடீரென்று நின்றுபோன டெஸ்க்டொப்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 2022 இல் தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் ஓடிய கணினிகளில் கோப்பு முறை சிதைந்தவை நிறைய. லெப்டொப் டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் மட்டும் செக் எதுவும் ஓட விடாதீர்கள். அந்த நிமிடமே முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

பழைய லெப்டொப்பில் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அதை எஸ்எஸ்டியில் போடுங்கள். புது லெப்டொப் வாங்கக் கடன் எடுக்கப் போகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்.

இரண்டு எண்ணும் பெரிது: முதலில் சார்ஜரைப் பாருங்கள்

இதை எந்த வழிகாட்டியிலும் முதலில் போட மாட்டார்கள். மலைநாட்டில் முதலில் போட வேண்டும்.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் லெப்டொப் கொண்டுவந்தார். எஸ்எஸ்டி போட்டது, 8 ஜிபி ரேம். முதல் எண் 41 நொடி, இரண்டாவது 38, இன்டர்நெட் இல்லாமல் 39. மூன்றும் ஒன்றுபோல இருந்ததால் டிஸ்க்கும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. எக்ஸ்டென்ஷன் எதுவுமே இல்லை. டாஸ்க் மெனேஜரில் சிபியுவை (கணினியின் மூளை) தட்டினேன். கீழே ஸ்பீட் என்ற இடத்தில் 0.78 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. 2.4 இல் ஓட வேண்டிய சிபியு. பிரவுசரைத் திறந்தேன், அந்த எண் அசையவே இல்லை. "டீச்சர், சார்ஜர் மாத்தினீங்களா?" என்று கேட்டேன். ஏப்ரல் மாதம் இடியில் பழைய சார்ஜர் எரிந்துபோய், டவுனில் விலை குறைந்த ஒன்று வாங்கியிருந்தார்.

சில லெப்டொப்கள், செருகியிருக்கும் சார்ஜர் தனக்குரியதுதானா, போதிய வொட் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும். பதில் கிடைக்காவிட்டால் பாதுகாப்புக்காக சிபியுவின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். கணினி ஓடும், ஆனால் தவழும். என்னிடமிருந்த பொருத்தமான சார்ஜரைச் செருகினேன். அந்த 0.78 என் கண் முன்னாலேயே 2.6 க்கு ஏறியது. பிரவுசர் நான்கு நொடியில் திறந்தது. டீச்சர் ஆறு மாதமாக அந்த லெப்டொப்பில்தான் பரீட்சைத் தாள் அடித்துக்கொண்டிருந்தார்.

அதனால், சிபியு ஸ்பீடைப் பாருங்கள். எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் இருக்கும். பிரவுசரைத் திறக்கிற நொடியில் அது ஏற வேண்டும். ஏறாவிட்டால், பழைய சார்ஜரின் அடியில் அச்சடித்திருக்கும் வோல்ட், வொட் இரண்டையும் புதியதோடு ஒப்பிடுங்கள். பெட்டரி சேவர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறிய எண் சற்று நேரத்தில் இறங்கி, அடிப்பக்கம் சுட்டால், விசிறியில் தூசி. நுவரெலியாக் குளிரிலும் தூசி அடைத்த லெப்டொப் சூடாகத்தான் செய்யும். இடி மழைக் காலமான மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இருட்டிக்கொண்டு வரும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ரவுட்டரையும்தான்.

இரண்டு எண்ணும் பெரிது, சிபியு சரி: புரொபைல்

பயர்பொக்ஸ் என்றால் சோதனை சுலபம். ஷிஃப்டை அழுத்தியபடியே ஐகானைத் தட்டுங்கள். ட்ரபிள்ஷூட் மோட் வேண்டுமா என்று கேட்கும். அதில் எக்ஸ்டென்ஷன்கள் எதுவும் ஏறாது. அதில் திறந்த பிறகு வேகமாக இருந்தால், குற்றவாளி எக்ஸ்டென்ஷன் அல்லது கிராஃபிக்ஸ் அக்ஸிலரேஷன் (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பது). குரோமில், மேலே வலது பக்கம் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தட்டி, புதுப் புரொபைல் ஒன்றைக் கணக்கு இல்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, அந்தப் புதுப் புரொபைலில் திறந்து அளவெடுங்கள். யார் என்று கேட்கிற திரை வந்தால், தேர்ந்தெடுத்த நொடியிலிருந்து எண்ணுங்கள்.

புதியது வேகம், பழையது மெதுவு என்றால் பழைய புரொபைலின் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போங்கள். எட்டு இருந்தால் நான்கை நிறுத்தி அளவெடுங்கள். வேகம் வந்தால் குற்றவாளி அந்த நான்கில் ஒன்று, வராவிட்டால் மற்ற நான்கில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் மூன்று முறையில் பிடிபட்டுவிடும். வீடியோ இறக்கும் எக்ஸ்டென்ஷன், கூப்பன் எக்ஸ்டென்ஷன், பெயரே தெரியாத தேடல் எக்ஸ்டென்ஷன் ஆகியவற்றைச் சோதிக்காமலே நீக்கலாம். விளம்பரத் தடுப்பான் ஒன்று மட்டும் இருக்கட்டும், டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற நமக்கு அது லாபம்.

உங்கள் சொந்த லெப்டொப்பில் குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் கவனியுங்கள். பாடசாலையோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால் பரவாயில்லை. சில ஆன்டிவைரஸ் நிரல்களாலும் அந்த வரி வரும். இரண்டும் இல்லையென்றால் ஏதோ ஒரு கெட்ட நிரல் உள்ளே உட்கார்ந்திருக்கலாம், விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட விடுங்கள். அதோடு டெஸ்க்டொப் ஐகானில் வலது கிளிக் செய்து ப்ரொபர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியையும் பாருங்கள். அதன் கடைசியில் தெரியாத ஒரு இணையத்தள முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனும் இல்லையா? குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் அக்ஸிலரேஷனை நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் வந்தும் சில நொடி வெள்ளையாகவோ கறுப்பாகவோ நின்றால், பெரும்பாலும் இதுதான். அதே இடத்தில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் சுவிட்சும் இருக்கிறது. 4 ஜிபி ரேம் என்றால் நிறுத்துங்கள். 8 ஜிபி என்றால் இருக்கட்டும், திறப்பது வேகமாகும். எட்ஜ் பாவிக்கிறவர்களுக்கு ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்பதும் இதே கணக்குத்தான்.

கடைசிப் படி, ரீசெட். பயர்பொக்ஸில் ரிஃப்ரெஷ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் கிடைக்கும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும், எக்ஸ்டென்ஷன்கள் போகும், பழைய டேட்டாவை ஒரு ஃபோல்டராக டெஸ்க்டொப்பில் போட்டுக் கொடுக்கும். இந்த வேலையை இவ்வளவு பத்திரமாகச் செய்கிற பிரவுசர் என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மதிப்பு. குரோமிலும் ரீசெட் செட்டிங்ஸ் உண்டு. அதிலும் புக்மார்க், பாஸ்வேர்ட் அழியாது.

ரீசெட்டிலும் அசையாவிட்டால், குரோமை முழுதாக மூடிவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா என்று உள்ளே போங்கள். அங்கே டிஃபால்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். குரோமைத் திறந்தால் புதிய டிஃபால்ட் உருவாகும். ஏதாவது தவறினால் புதியதை நீக்கிவிட்டுப் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிடலாம்.

ஆன்டிவைரஸ் இரண்டு போட்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள். கணினியோடு வந்து காலாவதியான சோதனைப் பதிப்பும் ஒரு கணக்குத்தான். டைப்செட்டிங் வேலை செய்கிற கடைகளுக்கு இன்னொரு விஷயம்: பாமினியில் தொடங்கி நூற்றுக்கணக்கில் எழுத்துருக்களைக் குவித்து வைத்திருப்பீர்கள். எழுத்துருப் பட்டியல் நீண்டால் நிரல்கள் திறப்பதும் தாமதமாகலாம். பாவிக்காததை ஒரு ஃபோல்டருக்கு மாற்றி வையுங்கள்.

இன்டர்நெட்டோடு மட்டும் பெரிது

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ப்ராக்ஸி. "தானாகக் கண்டுபிடி" என்ற சுவிட்சை நிறுத்தி அளவெடுங்கள். கீழே கையால் போட்ட ப்ராக்ஸி எதுவும் இயங்கினால், அலுவலகம் கொடுத்தது இல்லையென்றால், அதையும் நிறுத்துங்கள். குரோம் ஜன்னலின் இடது அடிமூலையில் சின்னதாக எழுத்து ஓடும். "ரிசால்விங் ஹோஸ்ட்" என்று நிற்கிறதா, "வெயிட்டிங் ஃபோர் ப்ராக்ஸி" என்று நிற்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் டிஎன்எஸ். குரோமின் செக்யூரிட்டி பகுதியில் செக்யூர் டிஎன்எஸ் என்ற இடத்தில் கூகுளுடையதையோ கிளவுட்ஃபிளேருடையதையோ தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

தொடக்கப் பக்கத்தையும் பாருங்கள். "விட்ட இடத்திலிருந்து தொடங்கு" என்று வைத்து, நாற்பது டேப் திறந்து வைத்திருந்தால் நலிந்த சிக்னலில் கணினி திணறத்தான் செய்யும். செட்டிங்ஸில் ஆன் ஸ்டார்ட்அப் என்ற இடத்தில் புது டேப் என்று மாற்றுங்கள். தேவையான பக்கங்களைப் புக்மார்க்கில் போட்டுவிடுங்கள்.

பழைய டெஸ்க்டொப்பில் மின்வெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று அடம்பிடித்தால், திகதியைப் பாருங்கள். பத்து வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள வட்டப் பெட்டரியை மாற்றினால் சரி, சாவிக்கடையிலும் கிடைக்கும் சின்னப் பெட்டரிதான்.

கணினியே பழையது என்றால்

2018 இல் குரோம், ஒவ்வொரு இணையத்தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் அடைத்து வைக்கத் தொடங்கியது. பாதுகாப்புக்காகச் செய்தது, நல்ல காரியம். அதனால் ரேம் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. 2 ஜிபி ரேம் லெப்டொப்கள் அதற்குப் பிறகு மூச்சுவிடவே இல்லை. விண்டோஸ் 7 இல் குரோம் 109 தான் கடைசி, 2023 இல் வந்தது. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. 4 ஜிபிக்குக் குறைந்த ரேம், விண்டோஸ் 7 இரண்டும் சேர்ந்த கணினியில் மேலே சொன்ன படிகளில் மணிக்கணக்கில் மினக்கெட வேண்டாம். ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, பயர்பொக்ஸோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். படிக்க, எழுத, பெறுபேறு பார்க்க அது போதும்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு ஸ்டாப்வாட்சை எடுத்து, செய்த மாற்றத்தையும் வந்த எண்ணையும் தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எல்லாம் செய்தும் எண் இறங்காமல் கடைக்கு வருவதாக இருந்தால், அந்தத் தாளையும் லெப்டொப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள்.